பியானோவின் முதற்பாடமும் ஆசிரியரின் தேவையும்

பியானோ கற்கத் தொடங்குபவருக்கு ஆசிரியர் தேவையா, காணொளிகளும் கைபேசிச் செயலிகளுமே போதுமா என்னும் வினா, திருவனந்தபுரம் போன்ற இசைநகரில் தனிப் பொருள் கொள்கிறது. ஐரோப்பியக் கருவியான வயலினைத் தென்னிந்திய இசைக்கு உரியதாக்கியவர்களுள் ஒருவரும் தஞ்சை நால்வருள் இளையவருமான வடிவேலு, மன்னர் சுவாதித் திருநாளின் (1813–1846) அவையை அணிசெய்து, 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவரிடம் பரிசாகப் பெற்றார். 1939இல் அந்நகரில் தொடங்கப்பட்டு, இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என வழங்கும் நிறுவனத்தின் முதல் முதல்வரான ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், மேலைநாட்டு மெட்டின் சாயலில் 'இங்கிலீஷ் நோட்டு' என்னும் உருப்படியை இயற்றியவர். அயல்நாட்டுக் கருவியையும் மெட்டையும் தயங்காமல் ஏற்ற இம்மரபு, ஆசானிடம் நேரில் கற்கும் முறையை மட்டும் கைவிடவில்லை.

எனினும், மரபு என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்க வேண்டியதில்லை. பியானோவின் இயல்பையும் ஆராய வேண்டும். வயலினில் சுருதி பிசகாமல் ஒரு சுரத்தை எழுப்பவே நெடுநாள் பயிற்சி வேண்டும். பியானோவிலோ, கட்டையை அழுத்திய உடனே சரியான சுரம் பிறந்துவிடுவதால், ஆசிரியர் தேவையில்லை என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. ஆனால், 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இக்கருவியில், கட்டையை அழுத்தும் வேகத்திற்கேற்பச் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுவதால், ஒலியின் மென்மையும் வன்மையும் வாசிப்பவரின் தொடுகையைப் பொறுத்தே அமைகின்றன. சுரம் கருவியிலேயே ஆயத்தமாக இருக்கிறது. தொடுகையைக் கற்றுத்தான் பெற வேண்டும்.

அடுத்தது விரல்முறை, அதாவது எந்தச் சுரத்தை எந்த விரலால் வாசிப்பது என்னும் ஒழுங்கு. பெருவிரலை 1 என்றும் சுண்டுவிரலை 5 என்றும் எண்ணுவது வழக்கம். கர்நாடக இசையின் சங்கராபரணத்துக்கு இணையான 'சி மேஜர்' சுரவரிசையை வலக்கையால் ஏறுமுகமாக வாசிக்கையில், ச, ரி, க ஆகியவற்றை முதல் மூன்று விரல்களால் வாசித்தபின், பெருவிரலை நடுவிரலுக்கு அடியில் செலுத்தி மத்தியமத்தைத் தொட வேண்டும். இதை அறியாதவர் ஐந்து விரல்களையும் வரிசையாகப் பயன்படுத்தி, பஞ்சமத்திற்குப் பின் விரலின்றித் தடுமாறுவர். அவ்வாறு பதிந்த பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதினும் கடினம்.

செயலிகள் பல, தவறான சுரத்தையும் தாளப் பிழையையும் உடனுக்குடன் காட்டுகின்றன. ஆனால் இறுகிய மணிக்கட்டையும் உயர்ந்த தோளையும் அவை பொதுவாகக் கண்டறிவதில்லை. அந்த இறுக்கத்துடனேயே பல மாதங்கள் பயில்பவருக்குத் தசைநாண்களில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களில், வலி தோன்றக்கூடும். அருகிலிருந்து கையைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியரின் பயன் இங்கேதான் முழுமையாக விளங்குகிறது.

இதனால் தன்முயற்சிக்கு இடமில்லை என்று கொள்ளலாகாது. இசைக்குறியீடுகளைப் படித்தல், கேள்வி ஞானத்தை வளர்த்தல், பிடித்த பாடலுக்குச் சுரம் கண்டறிதல் ஆகியவற்றைத் தனியாகவும் பயிலலாம். ஆர்மோனியம் வாசித்து மேடை அனுபவமும் பெற்றிருந்த இளையராஜா, சென்னைக்கு வந்தபின் மேற்கத்திய இசையைத் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகக் கற்றதை நோக்கினால், கேள்வி ஞானமும் ஆசிரியரும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது புலனாகும். ட்ரினிட்டி காலேஜ் லண்டன் போன்ற அமைப்புகளின் படிநிலைத் தேர்வுகள், எட்டாம் நிலை வரை பயிற்சிக்கு ஒழுங்கான பாதையைத் தருகின்றன. ஆயினும் தேர்வுக்குரிய சில உருப்படிகளை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போடுவது இசைக்கல்வி ஆகாது.

கருவியைத் தேர்வதிலும் ஆசிரியரின் அறிவுரை பயன்படும். கடற்கரை நகரின் ஈரக்காற்றில் மரம் உப்பி, கம்பி துருப்பிடிக்கக்கூடும் என்பதால், 88 கட்டைகளும் பியானோவின் எடையுணர்வும் கொண்ட மின்னணுப் பியானோ பல வீடுகளுக்குப் பொருந்தும். எடையற்ற 61 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டு தொடுகையைப் பழக்காது.

ஆகவே, வசதி குறைந்தவர்கூட முதல் ஓராண்டேனும் வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் நேரில் பயின்று, கையின் நிலையும் விரல்முறையும் உறுதிப்பட்ட பின்னர் தன்முயற்சியைப் பெருக்கிக்கொள்வதே தக்க வழியாகும். விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு வித்தியாரம்பம் செய்விக்க எண்ணும் பெற்றோர், கருவியை வாங்குவதற்கு முன்பே நல்ல ஆசிரியரைத் தேடிக்கொள்வது நலம்.