கணைய அழற்சி: பட்டினி மருந்தல்ல

மேல்வயிற்றில் திடீரென்று பிடித்து முதுகு வரை பாயும் வலி, நிற்காத வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் "கணையம் வீங்கியிருக்கிறது" என்கிறார்கள். பித்தப்பைக் கல்லும் மதுவும் இதற்கு முதன்மைக் காரணங்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிக அதிகமானாலும் வரும்.

சாப்பிட்டால் கணையம் சுரக்கும், வீக்கம் கூடும் என்று அஞ்சி, பல நாள் வாயில் எதுவும் கொடுக்காமல் வைப்பது பழைய வழக்கம். அது இன்று மாறிவிட்டது. நோயாளியால் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள்ளேயே வாய்வழி உணவைத் தொடங்கலாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2018-இல் பரிந்துரைத்தது. ரத்தத்தில் லைபேஸ் என்னும் கணைய நொதியின் அளவு இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழைந்த சாதம், இட்லி போல எண்ணெய் குறைந்த மென்மையான உணவே போதும்.

சீக்கிரம் உணவு கொடுப்பதற்கான காரணம் குடலில் இருக்கிறது. உணவின்றிக் கிடக்கும் குடலின் உட்சுவர் நலிகிறது. அதைக் கடக்கும் கிருமிகள், செத்துப்போன கணையத் திசுவில் தொற்றை உண்டாக்குகின்றன. தீவிர நோயில் உயிருக்கு ஆபத்தாவது பல நேரம் இந்தத் தொற்றுதான்.

டிரிப்ஸ் ஏறுவதால் மட்டும் பசி தீராது. ஒரு லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் சுமார் 200 கலோரிதான் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1,500 கலோரியாவது வேண்டும். சாப்பிட முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பார்கள். "ட்யூப் போட்டால் பிழைக்க மாட்டார்" என்று பயந்து மறுக்காதீர்கள். ரத்தக்குழாய் வழி ஊட்டத்தைவிட இதில் தொற்று குறைவு. குடல் அடைப்போ ரத்த அழுத்தச் சரிவோ இருந்தால் மருத்துவர் தள்ளிப்போடுவார். அவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் ஊட்டவும் வேண்டாம்.

இரண்டாம் நாளே கேளுங்கள்: "உணவு எப்போது? தாமதம் ஏன்? உணவியல் நிபுணர் பார்த்தாரா?" விளக்கம் பெறுவதும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ நடத்தை விதிகள். அலட்சியம் நடந்ததாகக் கருதினால், முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து மாநில மருத்துவ கவுன்சில். கட்டணச் சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு.

கல்லால் வந்த லேசான அழற்சி என்றால், வீடு திரும்புமுன்பே பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்ய முடியுமா என்று கேளுங்கள். மதுவால் வந்ததென்றால், குடியை அறவே விடுவதுதான் அடுத்த தாக்குதலைத் தடுக்கும் வழி.