‘எனக்குப் பின் என் மகனுக்கு’: வரி எப்போது வரும்?

‘என் ஆயுள் உள்ளவரை நானே அனுபவித்து வரவும், எனக்குப் பின் என் மகன் சர்வ சுதந்திரமாக அடையவும்...’ தமிழ்நாட்டு செட்டில்மென்ட் பத்திரங்களில் அடிக்கடி காணும் வாசகம் இது. இதனால் ஒரே வீட்டில் இரண்டு உரிமைகள் உண்டாகின்றன: தாய்க்கு ஆயுட்கால அனுபவ உரிமை, மகனுக்கு எதிர்கால உரிமை.

உரிமை எப்போது பிறக்கிறது?

தாய் இறந்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உயில் என்றால் அது சரி. செட்டில்மென்டில், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மகனின் உரிமை உடனே உறுதியாகிவிடும். வீடு கைக்கு வருவதுதான் பிற்பாடு. தாய்க்கு முன்பே மகன் இறந்தாலும் அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 19 சொல்வது இதுதான். ‘மகனுக்குக் குழந்தை பிறந்தால் மட்டும்’ என்பது போன்ற நிபந்தனை இருந்தால், அது நிறைவேறும்வரை உரிமை உறுதியாகாது.

அன்றைய மரண வரி

இந்தியாவில் 1953 அக்டோபர் 15 முதல் எஸ்டேட் டூட்டி என்ற வரி இருந்தது. உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம். ஆயுள் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதிய சொத்தும், எழுதியவர் இறக்கும்போதுதான் கைமாறுவதாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளானது. உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்து, அனுபவத்தையும் விடாமல், வரியிலிருந்து தப்ப முடியாது என்பதே நோக்கம். வசூலுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் வரவு சொற்பம் என்பதால், நிதியமைச்சர் வி.பி. சிங் காலத்தில், 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு இது நீக்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று மரணத்துக்கு வரி இல்லை. தாய் மகனுக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு வருமான வரியும் இல்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் மட்டுமே. வரி காத்திருப்பது விற்பனையில். மகன் பின்னாளில் வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அதற்கு அடிப்படை, தாய் வாங்கிய விலை. அவர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, தாயின் பழைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். செட்டில்மென்டில் கையெழுத்திடும் முன், ‘எனக்குப் பின்’ என்ற வரியை வழக்கறிஞரோடு உட்கார்ந்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.