ஆடை நிறுமங்களின் இருப்புநிலைக் குறிப்பில் பத்திர முனைமம்

பத்திர முனைமம் என்பது ஒரு நிறுமம் தன் பங்குகளை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வெளியிடும்போது பெறும் கூடுதல் தொகை ஆகும். அமெரிக்கக் கணக்கியலில் இது கூடுதல் செலுத்திய மூலதனம் என்ற பொருள்படும் பெயரில் வழங்குகிறது. பழைய நூல்களில் இது பங்கு முனைமம் என்றும் குறிக்கப்படுகிறது. இது பங்குதாரர்கள் செலுத்திய முதல். வணிகத்தில் ஈட்டிய இலாபம் அன்று.

எடுத்துக்காட்டு

திண்டிவனத்தில் ஒரு தையலகம் ₹10 முகமதிப்புள்ள 10,000 பங்குகளுடன் நிறுமமாகத் தொடங்கப்பட்டதாகக் கொள்வோம். அதன் பங்கு முதல் ₹1,00,000. சில ஆண்டுகளில் தையல் இயந்திரங்களும் நிலையான வாடிக்கையாளர்களும் சேர்ந்தபின், விழுப்புரத்தைச் சேர்ந்த துணி வணிகர் ஒருவருக்கு 5,000 புதிய பங்குகள் தலா ₹40க்கு வெளியிடப்படுகின்றன. கிடைத்த ₹2,00,000 இவ்வாறு பிரிக்கப்படும்:

பங்கு முதல் (5,000 × ₹10): ₹50,000
பத்திர முனைமம் (5,000 × ₹30): ₹1,50,000

அவருக்கும் ₹10க்கே பங்கு கொடுத்திருந்தால், வளர்ந்துவிட்ட தொழிலில் மூன்றில் ஒரு பகுதி வெறும் ₹50,000க்கு அவருக்குச் சேர்ந்திருக்கும். தொடக்கத்திலிருந்து உழைத்தவர்களுக்கு அது இழப்பு. அந்த இழப்பைத் தவிர்ப்பதே முனைமத்தின் நோக்கம்.

பின்னர் அந்த வணிகர் தம் பங்குகளை வேறொருவருக்கு ₹60க்கு விற்றாலும் தையலகத்தின் முனைமக் கணக்கு மாறாது. அந்தப் பணம் விற்றவரையே சேரும், நிறுமத்துக்கு வராது.

கோ ஃபேஷன் வெளியீடு

'கோ கலர்ஸ்' என்ற பெயரில் பெண்களுக்கான ஆடைகளை விற்கும் சென்னை நிறுமமான கோ ஃபேஷன், 2021 நவம்பரில் பொதுப் பங்கு வெளியீட்டை நடத்தியது. ₹10 முகமதிப்புள்ள பங்கின் வெளியீட்டு விலை ₹690; ஆகவே ஒரு பங்குக்கு முனைமம் ₹680.

மொத்த வெளியீடு ஏறத்தாழ ₹1,014 கோடி. ஆனால் அதில் புதிய பங்குகளுக்கு உரியது ₹125 கோடி மட்டுமே. எஞ்சியவை ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றவை. அத்தொகை அவர்களுக்கே சென்றது. புதிய பங்குகளுக்கான ₹125 கோடியில் ஏறத்தாழ ₹1.81 கோடி பங்கு முதலாகவும், ₹123.19 கோடி (வெளியீட்டுச் செலவுகளைக் கழிக்கும் முன்) முனைமமாகவும் அமையும்.

சட்ட வரம்புகள்

2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முனைமத் தொகையைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது. போனஸ் பங்கு வழங்குதல், பங்கு வெளியீட்டுச் செலவுகளைப் போக்கெழுதுதல், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குதல் போன்ற குறிப்பிட்ட பயன்களுக்கே அதைக் கையாளலாம். பங்காதாயம் வழங்க அதை எடுக்க முடியாது. வேறு வகையில் குறைக்க வேண்டுமானால், பங்கு முதலைக் குறைப்பதற்கான விதிகளைப் பின்பற்ற வேண்டும். நூல் கடனாகத் தந்தவருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் இந்த வரம்பே பாதுகாப்பு.

இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கும்போது

பத்திர முனைமம் பங்கு முதலுடன் சேராமல், காப்புகளும் மிகுதியும் என்ற தலைப்பின்கீழ் இடம்பெறும். இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுமங்களில் அத்தலைப்பு பிற பங்குரிமை எனப்படும். இதனால் மாணவர்கள் இதைச் சேமித்த இலாபமாகவோ பெட்டியில் உள்ள ரொக்கமாகவோ கருதிவிடுவதுண்டு. முனைமம் பணம் வந்த வழியைக் காட்டுகிறதே தவிர, அது இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. அந்தப் பணம் இயந்திரமாகவோ கடையாகவோ விற்காத துணியாகவோ மாறியிருக்கலாம். அதைச் சொத்துகளின் பக்கத்தில்தான் தேட வேண்டும். ஆடை நிறுமம் உண்மையில் ஈட்டியதை அறிய, அதே தலைப்பின்கீழ் உள்ள தக்கவைத்த இலாபத்தைத் தனியே பார்க்க வேண்டும்.