சூடேறாத எஞ்சின்

நுவரெலியாவின் அதிகாலைக் குளிரில் மரக்கறி ஏற்றிப் புறப்பட்ட லொறி அது. அரை மணி நேரம் ஓடியும் வெப்பமானியின் முள் எழும்பவில்லை. "சூடாகாட்டி நல்லதுதானே அண்ணே" என்றார் சாரதி. நாமும் ஒரு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுமையாக எரியாது. வெண்புகை வரும், டீசல் செலவு கூடும். எரியாத டீசல் ஒயிலை ஐதாக்கி, சிலிண்டரின் தேய்மானத்தைக் கூட்டும். உழைப்பின் இலாபம் இப்படியே கரைகிறது.

சோதிப்பது எளிது. காலையில் எஞ்சினை இயக்கி, விசிறியில் கை படாமல், றேடியேற்றரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிராக இருந்து பின்னர் விரைவாகச் சூடேற வேண்டும். தொடக்கம் முதலே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், தேர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகியிருக்கலாம். ஹோஸ் நன்கு சூடாகியும் முள் எழாவிட்டால், வெப்பமானியையே சந்தேகியுங்கள்.

ஆறிய எஞ்சினிலிருந்து தேர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீரில் இட்டுச் சூடாக்குங்கள். குளிர்நீரில் மூடியிருந்து, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 82 பாகை செல்சியஸ் அளவில், திறக்கத் தொடங்க வேண்டும்.

அந்த லொறியில் தேர்மோஸ்டாட்டே இருக்கவில்லை! முன்னொரு நாள் எஞ்சின் கொதித்தபோது கழற்றி வீசினார்களாம். கொதித்த காரணத்தை எவரும் தேடவில்லை. பாகத்தை வீசுமுன் நோயைத் தேடுவோம்.