கணினியில் விவசாயக் கணக்குப் பட்டியல்கள்: வேலையைச் சுருக்கும் வழிகள்

திருவண்ணாமலை ஜில்லா, வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டு 1989ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30ஆம் தேதி ஏற்பட்டது. நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவை இங்கே முக்கியமான பயிர்கள். இவற்றைப் பயிரிடும் குடியானவர்களுக்கு விதையும் எருவும் கடனும் பயிர் இன்ஷூரன்ஸும் கிடைப்பது, முற்காலத்தில் கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் பொறுத்திருந்தது. இக்காலத்தில் அது கணினியில் எழுதப்படும் பட்டியலைப் பொறுத்திருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினி மயமாக்க, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. இவ்விதச் சங்கங்களுக்கெனத் தனி மென்பொருள் இருப்பினும், அங்கத்தினர் ஜாபிதா, விதை விநியோகம், நிலக்கடலை எடைக் கணக்கு, கூட்ட நோட்டீஸ் முதலியவை எக்செல் அல்லது லிபர்ஆபிஸ் போன்ற சாதாரண ஆபீஸ் மென்பொருள்களிலேயே பெரும்பாலும் தயாரிக்கப்படுகின்றன.

பட்டியலில் ஓர் எண் பிசகினால் நஷ்டம் அடைபவர் அதை எழுதிய குமாஸ்தா அல்லர், குடியானவரே. தண்டராம்பட்டு, செங்கம், கீழ்பென்னாத்தூர், துரிஞ்சாபுரம் முதலிய இடங்களிலிருந்து ஒருவர் நகரத்திற்கு வந்து, “சர்வே எண் பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் வீணாகும். பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தையொட்டிய நாட்களிலும் கிரிவலக் கூட்டத்தின் பொருட்டு வண்டிகள் நகருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுமாதலால், அலைச்சல் இரட்டிப்பாகும். இன்ஷூரன்ஸுக்குரிய கடைசித் தேதி கடந்துவிட்டாலோ அந்தப் போகத்திற்குப் பரிகாரமே இல்லை.

கணினியில் வேகம் என்பது விரல்களின் வேகம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரு விஷயத்தை ஒரே தடவை, சரியான உருவத்தில், சரியான இடத்தில் எழுதி, மற்ற வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடுவதே வேகம். அதற்கான முறைகள் கீழே கொடுக்கப்படுகின்றன.

1. வரிசைக்கு ஒரு நிலம்

பட்டியல் தொடங்குமுன் தலைப்புகளைத் தீர்மானிக்க வேண்டும். அங்கத்தினர் எண், பெயர், தகப்பனார் பெயர், கிராமம், சர்வே எண், விஸ்தீரணம், பயிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குக. ஒருவருக்கு மூன்று இடங்களில் நிலம் இருந்தால் மூன்று வரிசைகள் எழுதப்பட வேண்டும். ஒரே கட்டத்தில் மூன்று சர்வே எண்களைக் காற்புள்ளியிட்டு நெருக்கினால், பிறகு அவற்றைத் தேடவும் முடியாது, கூட்டவும் முடியாது. அழகின் பொருட்டுக் கட்டங்களை ஒன்றாக இணைப்பதும் நடுவில் வெற்று வரிசை விடுவதும் கூடா; அவை வரிசைப்படுத்தும் வேலைக்கு இடையூறு செய்யும்.

அளவைக் குறிக்கும் சொல் தலைப்பில் மட்டுமே இருக்க வேண்டும். “எடை, கிலோ” என்று தலைப்பிட்டு, கீழே 25 என்று எண்ணை மட்டும் எழுதுக. “25 கிலோ” என்று கட்டத்தினுள் எழுதினால் இயந்திரம் அதை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்ளும். மொத்தம் கூட்டும்போது அந்தக் கட்டத்தை எவ்வித எச்சரிக்கையுமின்றி விட்டுவிடும்.

ஆட்களைப் பெயரால் அடையாளம் காண்பது இந்த ஜில்லாவில் முக்கியமாக ஆபத்தானது. அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமலை என்ற பெயர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் பல இருக்கும். தகப்பனார் பெயரும் ஒன்றாயிருப்பதுண்டு. “மு. அண்ணாமலை” என்றும் “அண்ணாமலை மு.” என்றும் இரு விதமாக எழுதப்பட்டால் இயந்திரத்திற்கு அவர்கள் இருவராவர். ஆகையால் அங்கத்தினர் எண்ணையே ஆதாரமாகக் கொண்டு, பெயரை அதன் துணையாக மட்டும் வைத்தல் நலம்.

2. எண் போலிருந்தும் எண் அல்லாதவை

சர்வே எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒருவரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இவை கணக்கிடும் எண்கள் அல்ல, அடையாளங்களே. இயந்திரமோ இந்தப் பேதத்தைத் தானாக அறியாது.

சர்வே எண் 12/3 என்று எழுதியவுடன் எக்செல் அதை மார்ச்சு மாதம் 12ஆம் தேதியாக மாற்றிவிடும். தேதி அமைப்பு அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் அது டிசம்பர் 3ஆம் தேதியாகும். 112/3 என்பது மாறாமல் நிற்கும். சில மாறி, சில மாறாமலிருப்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. பிறகு அந்தக் கட்டத்தை எழுத்தாக மாற்ற முயன்றாலும் பழைய 12/3 திரும்பி வராது. 2026ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாயின் 46093 என்ற எண் நிற்கும். அது 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இயந்திரம் எண்ணி வைத்திருக்கும் நாட்களின் தொகை. உலகெங்கும் விஞ்ஞானிகளும் இத்தொல்லைக்கு ஆளானதுண்டு. ‘மார்ச்’, ‘செப்ட்’ என்று தொடங்கிய மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிக்கொண்டிருந்தமையால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அப்பெயர்களையே மாற்றியது. இவ்வித மாற்றங்களுக்கான விதிகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது.

வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் மறைந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணில் 16ஆவது இலக்கம் முதல் யாவும் பூஜ்யமாகிவிடும். இவற்றைத் தடுக்கும் உபாயம் மிகவும் எளிது. எழுதத் தொடங்குமுன் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று அமைக்க வேண்டும். ஒரே ஒரு கட்டமாயின், முதலில் ஒற்றை மேற்கோள் குறியிட்டுப் பின்னர் எண்ணை எழுதினால் போதும். எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் இது. பின்னர் செய்வதில் பயனில்லை.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ். குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யமே வரும். அவ்விடத்தில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தை இடுவது சாதாரணமாக நேரும் பிழை. ‘டேட்டா வேலிடேஷன்’ என்ற வசதியைக் கொண்டு இப்பத்தியில் 11 எழுத்துகளும், ஆதார் பத்தியில் 12 இலக்கங்களும் இருந்தாலன்றி ஏற்காதபடி செய்துவிடலாம். பிழை பட்டியலினுள் நுழையும் முன்னரே இயந்திரம் தடுத்து நிறுத்தும்.

3. ஏக்கர், செண்டு, ஏர்ஸ்

ஒரு ஏக்கர் 5 செண்டு என்பதை 1.5 என்று எழுதுவோர் பலர். 1.5 என்பது ஒரு ஏக்கர் 50 செண்டு. சரியாக எழுதினால் 1.05 ஆகும். இந்த ஒரு பூஜ்யத்தினால் விளையும் வித்தியாசம் 45 செண்டு. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் வீதம் கணக்கிட்டால் 72 கிலோ அதிகமாக எழுதப்படும். ஒருவருக்கு அதிகம் சென்றால் மற்றொருவருக்குக் குறையும்.

பட்டாவில் விஸ்தீரணம் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஹெக்டேருக்கு ஒரு பத்தியும் ஏர்ஸுக்கு ஒரு பத்தியும் விட்டு, ஹெக்டேரை 100ஆல் பெருக்கி ஏர்ஸைக் கூட்டி, அத்தொகையை 2.47ஆல் பெருக்கினால் செண்டு கிடைக்கும். 40.5 ஏர்ஸ் ஏறக்குறைய 100 செண்டு, அதாவது ஒரு ஏக்கர். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து எழுதுவது அவசியமன்று. முதல் வரிசையில் சூத்திரம் ஒன்றை அமைத்துக் கீழே இழுத்துவிட்டால் முந்நூறு நிலங்களுக்கும் கணம் ஒன்றில் விடை கிடைக்கும்.

4. சூத்திரங்கள்

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் ‘விசிகால்க்’ என்ற விரிதாளை வெளியிட்டனர். ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே திருந்த வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். இந்த அனுகூலம் கிட்ட வேண்டுமானால் விலை, வீதம் முதலியவற்றைச் சூத்திரத்தினுள் எழுதலாகாது. விலையைத் தனிக் கட்டத்தில் எழுதி, சூத்திரத்தில் அக்கட்டத்தைச் சுட்ட வேண்டும். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அந்தச் சுட்டு நகராதிருக்க, எக்செலில் எஃப் 4 விசையை அழுத்தி $ குறியிட வேண்டும். மறுநாள் நிலக்கடலை விலை மாறினால் ஒரே கட்டத்தைத் திருத்தினால் போதும்.

மொத்தம் கூட்டும் சூத்திரம் எந்த வரிசை வரை செல்லுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசி வரிசைக்குக் கீழே புதிதாக எழுதியவை கூட்டலில் சேராமல் போவதுண்டு. பெரிய பண்டிதர்களும் இதில் தவறியிருக்கின்றனர். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார நிபுணர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சியில், சராசரிச் சூத்திரம் ஐந்து தேசங்களை விட்டுவிட்டது என்பதை 2013ஆம் ஆண்டில் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். கன்ட்ரோல் விசையுடன் ‘டி’ எழுத்தை அழுத்திப் பட்டியலை ‘டேபிள்’ ஆக்கிவிட்டால், புதிய வரிசைகளும் கணக்கில் தாமே சேரும்.

அங்கத்தினர் எண்ணைக் கொடுத்து அவருடைய வங்கி எண்ணை மற்றொரு தாளிலிருந்து வரவழைக்க ‘வி-லுக்கப்’ என்ற சூத்திரம் உண்டு. அதன் இறுதியில் பூஜ்யம் இடத் தவறினால், சரியான எண் கிடைக்காதபோது அதற்கு அடுத்துக் குறைந்த எண்ணுக்குரிய விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருவர் பணம் மற்றொருவர் கணக்கில் சேருவதற்கு இதுவே போதும்.

5. வரிசைப்படுத்தலும் தமிழும் நோட்டீஸும்

கிராம வாரியாகவோ எண் வாரியாகவோ அடுக்கும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கலாகாது. பெயர்கள் இடம் மாறும். கணக்கு எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்தே அடுக்க வேண்டும். ஒரு கிராமத்தாரை மட்டும் பார்க்க விரும்பினால் ‘ஃபில்டர்’ போதுமானது. கிராமத்திற்கு ஒரு தாளாகப் பிரித்து எழுதுவது வீண் வேலை.

தமிழை யூனிகோடு முறையிலேயே எழுத வேண்டும். பழைய எழுத்துருக்களில் எழுதிய பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும், தேடினாலும் அகப்படா. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக் கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக் கையிலும் அமைந்துள்ளன. சில வாரங்கள் பழகினால் விசையைப் பாராமலே எழுத இயலும்.

முந்நூறு அங்கத்தினருக்குக் கூட்ட நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாயின், முந்நூறு தடவை பெயரைத் திருத்தி அச்சிடுவது அவசியமில்லை. ‘மெயில் மெர்ஜ்’ என்ற வசதி, ஒரே கடிதத்தில் பட்டியலிலுள்ள பெயரையும் விலாசத்தையும் வரிசையாக நிரப்பிக் கொடுக்கும்.

6. அடிக்கடி உதவும் விசைகள்

கன்ட்ரோல் விசையுடன் ‘எஸ்’ அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும், ‘இசட்’ அழுத்தினால் கடைசியாகச் செய்தது ரத்தாகும், ‘எஃப்’ தேடும், ‘டி’ என்ற எழுத்துகளில் நான்காம் எழுத்தாகிய ‘டி’ மேல் கட்டத்திலுள்ளதைக் கீழே நிரப்பும், அரைப்புள்ளி இன்றைய தேதியை இடும். எஃப் 2 கட்டத்தினுள் திருத்த உதவும். ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ அமைத்தால் தலைப்பு வரிசை எப்போதும் கண்முன் நிற்கும். அச்சிடுகையில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வருமாறு ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ அமைத்தல் வேண்டும்.

7. காப்பு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மழையினால் மின்சாரம் நின்றுபோவது சகஜம். எக்செல் சாதாரணமாகப் பத்து நிமிஷத்திற்கு ஒரு தடவை தானே மீட்புப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஆயினும் பத்து வரிசைக்கு ஒரு தடவை சேமிக்கும் பழக்கமே உத்தமம். கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற கிரமத்தில் எழுதினால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். “கடைசி”, “புதிய கடைசி” என்ற பெயர்கள் குழப்பத்தையே உண்டாக்கும். மூன்று பிரதிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறு கட்டடத்தில் பாதுகாத்தல் வேண்டும்.

பழைய எக்செல் கோப்பு வகை 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இப்பழைய வகையை உபயோகித்தமையால் ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் சில நாட்கள் கணக்கில் வராமல் போயிற்று. புதிய வகையில் 10,48,576 வரிசைகள் கொள்ளும். ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் உள்ள கோப்புக்குக் கடவுச்சொல் இடுவதும், அதை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதிருப்பதும் எழுதுபவரின் கடமை.

இம்முறைகளை அனுசரிக்கப் புதிய இயந்திரமோ பெரும் செலவோ வேண்டியதில்லை. லிபர்ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பட்டியலை முடித்தவுடன் மூன்று காரியங்கள் செய்க. வரிசைகளின் எண்ணிக்கையைக் கையிலுள்ள மனுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுக. ஏதேனும் ஐந்து வரிசைகளை மூலப் பட்டாவோடும் பாஸ் புஸ்தகத்தோடும் ஒத்துப் பார்க்க. அச்சிட்ட பிரதியைக் குடியானவரிடம் கொடுத்து, அவருடைய சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் அவரே படித்துச் சொல்லச் செய்க. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுக. தம் நிலத்தின் எண்ணை அவரைப் போல் அறிந்தவர் வேறொருவர் இல்லை. இதற்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம் செல்லும். அவர் மறுபடியும் நகரத்திற்கு அலையும் ஒரு நாள் மிச்சமாகும்.