செவியின் தீர்ப்பு

விலையுயர்ந்த இரு ஹெட்போன்களை ஒப்பிட்டு நாதசுத்தம் எதில் அதிகமென்று தீர்மானிக்க முற்படுவோர் முதலில் செய்யவேண்டிய காரியம், இரண்டின் ஒலியளவையும் சமமாக்குவதே. ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதை, அதன் உரப்பை அறியாமலேயே, உயர்ந்ததென்று மதிப்பது செவியின் சுபாவம். ஒலியளவைச் சமமாக்கியபின்னும் செவி ஏமாறக்கூடும். ஜெர்மானிய சென்ஹைசர் கம்பெனி 2009-இல் வெளியிட்ட ஹெச்டி 800, வாத்தியங்கள் தலைக்குள் நெருக்கியடிக்காமல் விலகி நின்று இசைப்பதுபோன்ற விஸ்தாரத்தைத் தந்தது மெய்யே. ஆயினும் 6,000 ஹெர்ட்ஸ் அருகே அதன் ஒலி துருத்தி நிற்பதால், வயலின் நாதமும் பாடகரின் ஸகர உச்சரிப்பும் கூர்மையாகிச் செவியை உறுத்துவதுண்டு. பின்னர் வந்த ஹெச்டி 800 எஸ் அதைத் தணித்தது. இத்தகைய கூர்மையை முதலில் தெளிவென்று மயங்குவது (விற்பவருக்கு அதுவே அனுகூலம்!) சகஜமாதலால், நன்கு பழகிய குரலொன்றை, விலைச்சீட்டைப் பாராமல், அரைமணி நேரமாவது கேட்டபின் வாங்குங்கள்.