சைகையும் மொழியும்: பாக்டீரியாக்களின் செய்தித் தொடர்புக்கான கலைச்சொற்கள்

1. முன்னுரை

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் தொடங்கிய சுரங்கப்பணி 2001 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் அங்கு உடன் வழங்கின. ஆயினும் ஆழ்குழியில் 'கேஜ்' எனப்பட்ட தூக்குக் கூண்டை இயக்க மணியொலியின் எண்ணிக்கையே போதுமானதாயிருந்தது. எம்மொழியினர் அடித்தாலும் அதன் பொருள் மாறுவதில்லை. இது சைகை, மொழி அன்று. பாக்டீரியாக்களின் செய்தித் தொடர்பைத் தமிழில் எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. நிகழ்வும் அதன் தடையும்

சில பாக்டீரியாக்கள் எசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்னும் சிறு மூலக்கூறுகளை இடையறாது வெளியிடுகின்றன. கூட்டம் பெருகப் பெருகச் சூழலில் அம்மூலக்கூறின் செறிவும் உயர்கிறது. குறிப்பிட்ட அளவை எட்டியதும் கூட்டம் முழுவதும் ஒருசேரச் செயல்மாறுகிறது. உருளைக்கிழங்கின் மென்னழுகல் நோய்க்குக் காரணமான எர்வினியா (இன்றைய வகைப்பாட்டில் பெக்டோபாக்டீரியம்) இவ்வாறே கிழங்கைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. சுரங்கத்தில் மணியடிப்பவர் வேறு, கேட்பவர் வேறு. இங்கு ஒவ்வொரு செல்லும் இரண்டுமாகும்.

இச்சைகையைக் குலைப்பவற்றுள் ஒன்று பூச்சிகளோடு தொடர்புடைய பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ். ஜப்பானில் 1901இல் நோயுற்ற பட்டுப்புழுக்களிலும், ஜெர்மனியில் 1911இல் மாவுப்பூச்சியிலும் இது கண்டறியப்பட்டது. இது உருவாக்கும் லாக்டோனேஸ் நொதி, சைகை மூலக்கூறின் வளையத்தைப் பிளந்துவிடுகிறது. 2004இல் வெளியான ஆய்வில், இப்பாக்டீரியா எர்வினியாவின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை; எனினும் கிழங்கின் அழுகல் குறைந்தது. அந்நொதியை இழந்த திரிபினங்களிடம் இப்பயன் பெரிதும் குறைந்தது. மணியொலி வழியிலேயே மங்கினால் மணியடித்தவர் மாய்வதில்லை, கூண்டுதான் நகர்வதில்லை.

3. கலைச்சொல் தேர்வு

இந்நிகழ்வுக்கு 1994இல் 'கோரம் சென்சிங்' என்னும் பெயர் இடப்பட்டது. 'கோரம்' என்பது 'எவர்களுள்' எனப் பொருள்படும் இலத்தீன் வேற்றுமை வடிவம். இங்கிலாந்தின் நீதிபதி நியமன ஆணைகளில் வழங்கி, பின்னர்க் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறிக்கலாயிற்று. தமிழில் இதனை ஒலிபெயர்த்தால் 'கொடூரம்' எனப் பொருள்தரும் 'கோரம்' என்ற சொல்லோடு மயங்கும். மேலும், பாக்டீரியா எண்ணுவதில்லை, செறிவையே உணர்கிறது. எனவே 'செறிவுணர்தல்' என்பது பொருந்தும். செல்களின் நெருக்கம், மூலக்கூறின் அளவு ஆகிய இரண்டையும் 'செறிவு' என்ற ஒரு சொல்லே தழுவிக்கொள்கிறது.

'கோரம் குவென்ச்சிங்' என்பதை 'அழித்தல்' என்றோ 'ஒடுக்குதல்' என்றோ பெயர்த்தல் தவறாகும். தாகம் தணிகிறது, சினம் தணிகிறது. தாகமுற்றவரும் சினந்தவரும் இருந்துகொண்டேயிருக்கின்றனர். ஆதலின் 'சைகைத் தணிப்பு' என்பதே நிகழ்வின் இயல்பைக் காட்டும்.

'உரையாடல்', 'பேச்சு', 'ஒட்டுக்கேட்டல்' என்னும் உருவகங்கள் பொதுவாசகர்க்கு உதவலாம். ஆனால் கண்முன் இல்லாததைக் குறித்தலும், அறிந்த கூறுகளைக் கொண்டு புதிய கூற்றை ஆக்குதலும் மொழியின் இயல்புகள் என்பது ஹாக்கெட் 1960இல் வகுத்த பட்டியலால் பெறப்படும். இவ்விரண்டும் இம்மூலக்கூறுகளுக்கு இல்லை.

4. பிழையின் விளைவு

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. 'நோய்க்கிருமியை அழிக்கும்' என்று ஒரு வேளாண் குறிப்பேடு கூறுமாயின், தெளித்த பின்னும் எர்வினியா மண்ணில் உயிரோடிருப்பதை உழவர் அறியார். கிழங்கு காயமுறாமலும் ஈரத்தில் கிடவாமலும் காக்கும் பணியைக் கைவிடக்கூடும். 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று மட்டும் எழுதுவதில் கேடு இன்னும் மிகுதி. தங்கவயலைச் சூழ்ந்த கோலார் மாவட்டம் பட்டு வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அழுகலைத் தணிக்கும் அதே பேசில்லஸ் பட்டுப்புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்தையும் ஆக்கவல்லது. கிழங்கு வயலில் தெளிப்பது அயலிலுள்ள முசுக்கொட்டை இலையிற் படிந்தால் புழுக்கள் மடியும்.

5. முடிவுரை

தணிக்கப்படுவது சைகை, கொல்லப்படுவது பூச்சி. ஒரே உயிரியின் இவ்விரு செயல்களுக்கும் இருவேறு வினைச்சொற்களைத் தமிழ் முன்னரே வைத்துள்ளது. அவற்றை மயங்காது ஆளுதலே மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.